கல்லூரி வளாகத்துக்குப் பெரிய வழிகாட்டிப் பலகைகள்: அளவெடுப்பதிலிருந்து ஒட்டுவது வரை

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுத வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர் கையில் ஹால் டிக்கெட். அதில் கல்லூரியின் பெயர் இருக்கிறது. உள்ளே வந்தால் ஒரே அறக்கட்டளையின் பொறியியல் கல்லூரி, கலைக் கல்லூரி, பாலிடெக்னிக் மூன்றும் ஒரே காம்பவுண்டுக்குள். மூன்றிலும் ஒரு ‘மெயின் பிளாக்’, மூன்றிலும் ஓர் ‘ஆபீஸ்’. நடுவே எல்லோருக்கும் பொதுவான முற்றம். அதைச் சுற்றி நூலகம், கேன்டீன், ஏ.டி.எம்., கல்லூரி பஸ்கள் நிற்குமிடம். வாசல் வளைவில் நிறுவனரின் படமும் பெயரும் ஆளுயர எழுத்தில் இருக்கின்றன. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது மட்டும் எங்கேயும் எழுதப்படவில்லை.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வளாகங்கள் நிறைய. அந்தப் பொது முற்றத்துக்கு அச்சடித்த பலகைகள், சுவர் எழுத்துகள், வரைபடங்கள் செய்யும் முறையை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். வேலை முழுக்க ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: இதைப் படிக்கப் போகிறவர் அந்த வெளியூர்க்காரர். பணம் தரும் தாளாளருக்கும் ஒப்புதல் தரும் முதல்வருக்கும் வழி தெரியும். எழுத்து பெரிதா சிறிதா, நிறம் எது, இந்தச் சொல்லா அந்தச் சொல்லா என்று தகராறு வரும்போதெல்லாம் ஹால் டிக்கெட்காரர் பக்கம் நின்று தீர்ப்புச் சொல்லுங்கள்.

படி 1: கணினியைத் திறக்கும் முன் வளாகத்தை நடந்து பாருங்கள்

வளாகத்தின் பிளானை ஏ3 தாளில் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். மெயின் கேட், பஸ் ஸ்டாப் பக்கத்துச் சின்ன கேட், விடுதிப் பக்கம் என ஒவ்வொரு நுழைவாயிலிலிருந்தும் முற்றம் வரை நடங்கள். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு வட்டம் போட்டு எண் கொடுங்கள். பலகை வரவேண்டிய இடங்கள் இவைதான். நேராகப் போகும் பாதையில், திரும்ப வழியே இல்லாத இடத்தில் நிற்கும் பலகையால் பயனில்லை. பாதை 80, 100 மீட்டருக்கு மேல் நீண்டால் மட்டும் ‘சரியாகத்தான் போகிறீர்கள்’ என்று உறுதி சொல்ல நடுவில் ஒன்று வைக்கலாம்.

அடுத்தது வாட்ச்மேன். அவருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, யார் எதைக் கேட்டாலும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஒரு வாரம் போதும். எதை முதலில் எழுத வேண்டும் என்பதை அந்தக் கோடுகளே காட்டிவிடும். கமிட்டிக் கூட்டத்தில் பட்டியல் போட்டால் ‘ஆராய்ச்சி மேம்பாட்டு மையம்’ முதலிடத்துக்கு வரும். வாட்ச்மேன் நோட்டில் ‘ஃபீஸ் கட்டுற இடம்’, ‘எக்ஸாம் ஹால்’, ‘பாத்ரூம்’ என்று இருக்கும்.

இந்தக் கணக்கெடுப்பை வகுப்பு நடக்கும் பிப்ரவரி, மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள். மே விடுமுறையில் வளாகம் காலியாக இருக்கும். யார் எங்கே தயங்கி நிற்கிறார்கள் என்று பார்க்க ஆளே இருக்காது. மே மாதம் பலகை பொருத்துவதற்குத்தான் வசதி. அட்மிஷனுக்குப் பெற்றோர் கூட்டம் வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். அக்டோபருக்குத் தள்ளினால் வடகிழக்குப் பருவமழையில் ஈரச் சுவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

படி 2: பெயர்ச் சிக்கலைத் தீர்க்காமல் டிசைன் பக்கம் போகாதீர்கள்

‘நியூ பிளாக்’ கட்டி இருபது வருடம் ஆகியிருக்கும். அதற்குப் பின் வந்ததற்கு ‘நியூ நியூ பிளாக்’ என்று மாணவர்களே பெயர் வைத்திருப்பார்கள். எவ்வளவு நல்ல வடிவமைப்பாலும் இந்தக் குழப்பத்தை மறைக்க முடியாது. கட்டடங்களுக்கு எண் கொடுத்துவிடுவதே நல்லது. எழுத்துகளைவிட எண்கள் மேல் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தால் தமிழ் வரியில் ‘ஏ பிளாக்’ என்பதா, ‘அ பிளாக்’ என்பதா என்ற கேள்வி வரும். ‘ஈ’ என்றும் ‘இ’ என்றும் ஆளுக்கொன்று எழுதுவார்கள். எண் இரண்டு மொழிக்கும் ஒன்றே. தூரத்திலிருந்தும் தெளிவாகத் தெரியும்.

அறை எண்ணையும் அதே கணக்கில் கொண்டுவாருங்கள்: முதல் இலக்கம் கட்டடம், இரண்டாவது தளம், கடைசி இரண்டும் அறை. 3214 என்றால் 3-ஆம் கட்டடம், 2-ஆம் தளம், 14-ஆம் அறை. தரைத்தளம் எப்போதும் 0. ‘முதல் மாடி’ என்றால் சிலருக்குத் தரைத்தளம், சிலருக்கு அதற்கு மேல் தளம். 0 என்று எழுதிவிட்டால் அந்த வாதம் முடிந்தது. நன்கொடையாளர் பெயர், நினைவுப் பெயரெல்லாம் கட்டட முகப்பில் அப்படியே இருக்கட்டும், யாரும் வருத்தப்பட வேண்டாம். வழிகாட்டிப் பலகையில் எண்ணும் சுருக்கமான பயன்பாட்டுப் பெயரும் போதும்.

சொற்களை, ஜனங்கள் கேட்கும் சொல்லிலேயே வையுங்கள். ‘சிற்றுண்டிச்சாலை’ நல்ல தமிழ்தான், ஆனால் அதை வாட்ச்மேனிடம் யாரும் கேட்பதில்லை. ‘உணவகம்’ அல்லது ‘கேன்டீன்’ எழுதலாம். ‘கழிப்பறை’யை எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள்.

படி 3: வாசகப் பட்டியல்

எக்செல் தாளில் ஒரு பலகையின் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வரிசை. பலகை எண், இடம், எந்தத் திசையைப் பார்க்கிறது, தமிழ் வாசகம், ஆங்கில வாசகம், அம்புக்குறி, அளவு, மெட்டீரியல், பொருத்தும் விதம். எந்தப் பிழையையும் இங்கே பிடித்தால் செலவில்லை. அச்சடித்த பிறகு பிடித்தால் ஒரு ஷீட் போச்சு.

இந்தப் பட்டியலில் மூன்று விதிகளைக் கறாராகப் பிடியுங்கள். ஒரு பலகையில் ஐந்து இடங்களுக்கு மேல் வேண்டாம். நேராகப் போகும் இடங்கள் முதலில், பிறகு இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். எல்லாப் பலகையிலும் இதே வரிசை. மூன்றாவது விதிதான் அடிக்கடி மீறப்படுவது: ஓர் இடத்தின் பெயரை ஒரு பலகையில் எழுதிவிட்டால், ஆள் அங்கே போய்ச் சேரும் வரை வழியில் உள்ள ஒவ்வொரு பலகையிலும் அந்தப் பெயர் இருக்க வேண்டும். கேட்டில் ‘தேர்வு அலுவலகம் →’ என்று காட்டிவிட்டு, அடுத்த திருப்பத்தில் ‘நூலகம்’, ‘உணவகம்’ மட்டும் இருந்தால் நடந்துவந்தவர் திரும்பிக் கேட்டுக்கே வந்துவிடுவார். சரிபார்க்கச் சுலபமான வழி உண்டு. எக்செலில் ஒரே இடத்தின் பெயரை ஃபில்டர் செய்து, பலகை எண்களைப் பிளானில் விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே சங்கிலி அறுந்திருக்கிறது.

தேர்வு நாளுக்கென்று தனி ஏற்பாடு வேண்டும். எந்தப் பதிவெண்ணுக்கு எந்த அறை என்ற பட்டியல் அன்றைக்குத்தான் ஒட்டப்படும். நுழைவுப் பலகைக்குக் கீழே ஏ1 அளவில், அதாவது 594 × 841 மி.மீ. தாள் செருகும் சட்டம் ஒன்று வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பசை தடவிய தாள் உங்கள் அழகான பலகையின் மேலேயே ஒட்டப்படும்.

படி 4: எழுத்தின் அளவு

வழிகாட்டிப் பலகைகளுக்கு உலகெங்கும் சொல்லப்படும் பழைய கணக்கு ஆங்கிலத்துக்கானது: 25 அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். கொஞ்சம் இடம் விட்டு இப்படி வைத்துக்கொள்ளலாம்: படிக்க வேண்டிய தூரம் மீட்டரில் × 4 = எழுத்தின் உயரம் மி.மீட்டரில். 15 மீட்டருக்கு 60 மி.மீ., 25 மீட்டருக்கு 100 மி.மீ.

தமிழில் எதை ‘உயரம்’ என்று அளப்பது? பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேச்சே இங்கே இல்லை. கொம்பும் சுழியும் இல்லாத ‘ப’வின் உயரத்தை அளவுகோலாக வையுங்கள். பாயின்ட் அளவை நம்பாதீர்கள். ஒரே பாயின்ட்டில் ஒரு எழுத்துருவின் ‘ப’ இன்னொன்றைவிடக் கணிசமாகக் குட்டையாக இருக்கும். திரையில் ஸ்கேல் வைத்து ‘ப’வை அளந்து அதற்கேற்பப் பெரிதாக்குங்கள். ஆங்கிலத்தின் பெரிய எழுத்து இதில் 70 முதல் 75 சதவீத உயரம் இருந்தால் போதும்.

இனி அகலம். ‘தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம்’ என்பதில் 17 எழுத்து. ‘ப’ 100 மி.மீ. உயரத்தில் எழுதினால் நீளம் இரண்டு மீட்டரைத் தாண்டும். பலகை செய்யும் ஷீட் எட்டடிக்கு நாலடி. அதன் மொத்த அகலமே 2440 மி.மீ.; ஓரமும் அம்புக்குறியும் போக மூச்சுவிட இடம் இருக்காது. இங்கேதான் டிசைனர் எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குவார். நசுக்கினால் நெடுங்கோடுகள் மெலிந்து, ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோல ஆகிவிடும். நசுக்காமல் வாசகத்தைக் குறையுங்கள்: ‘தேர்வு அலுவலகம்’, 9 எழுத்து. பாதி இடம் மிச்சம், அர்த்தமும் கெடவில்லை. அப்படியும் போதாவிட்டால் குறுகலாகவே வரையப்பட்ட வடிவங்கள் உள்ள எழுத்துருவுக்குப் போங்கள்; அனேக் தமிழில் குறுகலிலிருந்து அகலம் வரை தனித்தனியே இருக்கின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை ஆகியவையும் பலகைக்கு ஒத்துவரும். எல்லாமே இலவச உரிமத்தில் கிடைப்பவை. கல்யாணப் பத்திரிகை எழுத்துருக்களைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

தடிமன் நடுத்தரமாக இருக்கட்டும். மிகத் தடித்த எழுத்தில் ‘ண’, ‘ணை’, ‘ஞ’, ‘இ’ ஆகியவற்றின் உள்வெளி அடைபட்டுத் தூரத்தில் கறைபோலத் தெரியும். கரும்பின்னணியில் வெள்ளை எழுத்து இருப்பதைவிடத் தடித்துத் தெரியும் என்பதால் அதற்கு ஒரு படி மெல்லிய வடிவம் போதும்.

புள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘ப’ 40 மி.மீ. உயரத்தில் இருந்தால் ‘ம்’மின் புள்ளி 6, 7 மி.மீ. விட்டத்தில் ஒரு பொட்டு. பிளாட்டரில் (கத்தியால் எழுத்து வெட்டும் மெஷின்) வெட்டிய வினைலில் (பின்னால் பசையுள்ள பிளாஸ்டிக் தாள்) இந்தப் பொட்டுதான் முதலில் உரியும். நாலு மழை தாண்டினால் ‘நூலகம்’ என்பது ‘நூலகம’ ஆகிவிடும். எனவே 50 மி.மீட்டருக்குக் குறைந்த தமிழ் எழுத்தைத் தனித்தனியாக வெட்டி ஒட்டாதீர்கள். பின்னணியோடு சேர்த்து ஒரே ஷீட்டாக அச்சடியுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் புள்ளியை மட்டும் கையால் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

வரி இடைவெளியும் ஆங்கிலக் கணக்கில் வராது. மேலே புள்ளியும் ‘கீ’யின் சுழியும், கீழே ‘பு’, ‘சு’வின் கோடும் நீட்டிக்கொண்டிருக்கும். 60 மி.மீ. எழுத்துப் பலகைக்கு ஒரு கணக்கு: தமிழ் வரி 60, மேல் கீழ் உறுப்புகளுக்கு 40, ஆங்கில வரி 42, அடுத்த இடத்துக்கு முன் வெற்றிடம் 48, ஆக ஓர் இடத்துக்கு 190. ஐந்து இடங்களுக்கு 950. மேலே கட்டட எண்ணுக்கு 150, இரு ஓரத்துக்கும் சேர்த்து 120. கூட்டினால் 1220 மி.மீ., சரியாக ஷீட்டின் நாலடி. ஆறாவது இடத்தைச் சேர்க்கச் சொல்லி வருபவரிடம் இந்தக் கூட்டலைக் காட்டுங்கள்.

சோதிக்க ஒரு மலிவான வழி: பத்தில் ஒரு பங்கு அளவில் ஏ4 தாளில் பிரின்ட் எடுத்து, பத்தில் ஒரு பங்கு தூரத்தில் நின்று படியுங்கள். 25 மீட்டருக்கான பலகை என்றால் இரண்டரை மீட்டர். கண்ணாடி போட்டவரைக் கண்ணாடி இல்லாமலும் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

படி 5: நிறம், அம்பு, குறியீடு

மூன்று கல்லூரிக்கும் பொது இடத்துக்கும் தலா ஒரு நிறம், மொத்தம் நான்கு. அதற்கு மேல் யாருக்கும் நினைவில் நிற்காது. பச்சையையும் சிவப்பையும் விட்டுவிடுங்கள்: அவசர வழிக்குப் பச்சை, தீயணைப்புச் சாதனத்துக்குச் சிவப்பு என்று உலக அளவில் ஒதுக்கப்பட்டவை. நிறத்தை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. பச்சை, சிவப்பு பிரித்தறிய முடியாதவர்கள் வருவார்கள், அதனால் நிறத்தோடு எண் எப்போதும் இருக்க வேண்டும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பல பெயின்ட் ஷேட் அட்டைகளில் ஒளியை எவ்வளவு திருப்பியனுப்புகிறது என்ற எண் இருக்கும். வெளிரியதன் எண்ணிலிருந்து கரியதன் எண்ணைக் கழித்து, வெளிரியதன் எண்ணால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 70-க்கு மேல் வந்தால் நல்லது. வெள்ளை 85, அடர்நீலம் 8 என்றால் 91. வெள்ளை 85, ஆரஞ்சு 35 என்றால் 59. திரையில் பளிச்சென்று இருந்தாலும் சாயங்கால வெயிலில் ஏமாற்றிவிடும். மேற்கு வெயில் படும் பலகைகளில் இன்னொரு தொல்லை: டிஜிட்டல் மையில் மஞ்சளும் மெஜந்தாவும்தான் பொதுவாக முதலில் வெளுக்கும். அவை கலந்து வரும் ஆரஞ்சு, மெரூன் எல்லாம் சீக்கிரம் சோகை பிடித்துப்போகும். நீலமும் கறுப்பும் தாங்கும்.

இடப்பக்க அம்பு வாசகத்துக்கு இடப்பக்கம், வலப்பக்க அம்பு வலப்பக்கம். மேல்நோக்கிய அம்பு ‘நேராகப் போ’ என்பதற்கு மட்டும். மாடிக்குப் படிக்கட்டுக் குறியீட்டைச் சேர்த்துச் சாய்ந்த அம்பு. கழிப்பறை, படிக்கட்டு, தகவல் போன்றவற்றுக்குப் புதிதாகப் படம் வரைய வேண்டாம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக அந்நாட்டு வடிவமைப்பாளர்களின் ஏ.ஐ.ஜி.ஏ. அமைப்பு 1974-இல் வெளியிட்ட 34 குறியீடுகள் 1979-இல் 50 ஆயின. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், எல்லோருக்கும் பழகியவையும்கூட.

படி 6: வரைபடம் — அதிகம் தவறு நடக்கும் இடம்

‘நீங்கள் இருக்கும் இடம்’ என்று சிவப்புப் புள்ளி வைத்த வளாக வரைபடத்தை ஒரே ஃபைலில் செய்து ஐந்து பிரின்ட் போட்டு ஐந்து இடத்தில் மாட்டுவதுதான் வழக்கம். வடக்கு மேலே இருக்கும். பலகை தெற்கைப் பார்த்து நின்றால், படிப்பவர் வடக்கைப் பார்த்து நிற்கிறார், சரியாக வரும். அதே படத்தை வடக்கு நோக்கிய பலகையில் மாட்டினால் படத்தில் இடப்பக்கம் இருக்கும் நூலகம் நேரில் வலப்பக்கம் இருக்கும். உளவியலாளர் மார்வின் லெவின் 1980-களிலேயே இதை ஆராய்ந்து, படத்தின் மேல்பக்கம் படிப்பவருக்கு எதிரே உள்ள திசையாக இருக்க வேண்டும் என்று காட்டினார். ஆக ஐந்து பலகைக்கு ஐந்து ஃபைல். படத்தைத் திருப்பிவிட்டு, எழுத்துகளை மட்டும் மறுபடி கிடைமட்டமாக வையுங்கள். இந்தக் கூடுதல் வேலைக்கு அரை நாள் ஆகும், பில்லில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் எல்லா மரத்தையும் வரைய வேண்டாம். தண்ணீர்த் தொட்டி, கோயில், கொடிக்கம்பம், பெரிய ஆலமரம் என்று கண்ணில் படுவதை மட்டும் வரையுங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 1.3 முதல் 1.4 மீட்டர் உயரத்தில் இருந்தால் சக்கர நாற்காலியில் இருப்பவரும் படிக்கலாம்.

படி 7: எந்த மெட்டீரியல்

வெளிப்புறப் பலகைக்கு 3 அல்லது 4 மி.மீ. ஏ.சி.பி. (இரு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது) ஷீட்டின் மேல் பாலிமெரிக் வினைல், அதன் மேல் மேட் லேமினேஷன். பளபளப்பான லேமினேஷன் கடையில் அழகு. வெயிலில் ஒரு பக்கத்திலிருந்து எதுவுமே தெரியாது. கடைக்காரர் சாதா மோனோமெரிக் வினைலைக் காட்டி ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்பார். இல்லை. சாதா வினைல் உருளைகளுக்கிடையே இழுத்து நசுக்கித் தயாராவது, வெயில் பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். ஓரத்தில் பசைக்கோடு தெரியத் தொடங்கும், தூசி அதில் ஒட்டிக் கறுத்துவிடும். பாலிமெரிக் குறைவாகச் சுருங்கும். வளைந்த தூண், மேடுபள்ளச் சுவர் என்றால் 50 மைக்ரான் காஸ்ட் வினைல். அது ஊற்றிக் காய வைத்தது, உள்ளே இழுவிசை இல்லை. ஃபிளெக்ஸ் ஒரு வாரத்துப் பட்டமளிப்பு விழாவுக்குச் சரி, நிரந்தரப் பலகைக்கு வேண்டாம். சன்போர்டு (நுரைப் பிளாஸ்டிக் அட்டை) உள்ளே மட்டும், வெயிலில் வளையும்.

சுவரில் நேராக ஒட்டுவதென்றால் சுவரைப் பொறுத்தது. சுண்ணாம்பும் டிஸ்டம்பரும் அடித்த சுவரில் வினைல் நிற்காது, பொடியோடு சேர்ந்து உரிந்து வரும். எமல்ஷன் என்றால் அடித்து நாலு வாரம் காயட்டும். பிறகு டேப் சோதனை: பிளேடால் ஒரு பெருக்கல் குறி கீறி, அதன் மேல் நல்ல டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். பெயின்ட் வந்தால் வினைலும் வரும். அப்படிப்பட்ட சுவருக்கும் சொரசொரப்புச் சுவருக்கும் பழைய வழியே சிறந்தது: பிளாட்டரில் வெட்டிய ஸ்டென்சிலை ஒட்டி, சைன்போர்டு ஆர்ட்டிஸ்ட்டை வைத்து பெயின்ட் அடித்துவிடுவது. ஓரம் உரியாது, வெளுத்தால் மேலேயே இன்னொரு கோட் அடிக்கலாம்.

தரை ஒட்டிகள் உள்ளே, வழுவழுப்பான டைல்ஸ் அல்லது கிரானைட் மேல் மட்டும். வழுக்காத தரை லேமினேஷன் கட்டாயம். சுவருக்கான லேமினேஷனைத் தரையில் போட்டால் ஈரக் காலோடு வருபவர் விழுவார். வெளியே இன்டர்லாக் கல் பதித்த தரையில் எந்த ஒட்டியும் நிற்காது, சாலைக்கோடு போடும் பெயின்ட்தான். கண்ணாடிக் கதவில் துளையிட்ட ஒன்வே விஷன் (வெளியிலிருந்து உள்ளே தெரியாத ஒட்டுப் படலம்) ஒட்டினால் 50 மி.மீட்டருக்குக் கீழான எழுத்து துளைகளில் சிதறிவிடும்.

பார்வையில்லாதவருக்கு இவை எதுவும் பயன்படாது. அறைக் கதவருகே கை எட்டும் உயரத்தில், தமிழுக்கான பாரதி பிரெயிலில் அறை எண் கொண்ட சிறு தகடுகளைத் தனி வேலையாகத் திட்டத்தில் சேருங்கள்.

படி 8: ஃபைல் தயாரிப்பு

முற்றத்துப் பெரிய சுவர் 6 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் என்று வைப்போம். பிடிஎஃப் வழக்கமாக 5.08 மீட்டருக்கு மேல் போகாது, எனவே பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யுங்கள். ‘1:10’ என்று ஃபைல் பெயரிலேயே எழுதுங்கள். எழுத்தும் அம்பும் வெக்டாராகவே (எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதறாத கோட்டு வடிவம்) இருக்கட்டும். பின்னணியில் போட்டோ இருந்தால் முழு அளவில் 100 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 100 புள்ளி) போதும், அதாவது சிறிய ஃபைலில் 1000. அதுவே ஏறக்குறைய 23,600 × 9,450 பிக்சல், அச்சுக்கான நான்கு மை நிறங்களில் (சிஎம்ஒய்கே) 900 எம்.பி. வரும். 300 டிபிஐ கேட்பவரிடம் ஃபைல் ஒன்பது மடங்கு ஆகும் என்று சொல்லுங்கள்.

வினைல் ரோல் நாலடி. அதனால் சுவர் துண்டு துண்டாகத்தான் வரும். இருபுறமும் 50 மி.மீ. ப்ளீட் (வெட்டி எறிவதற்கான கூடுதல் ஓரம்) சேர்த்தால் 6100. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று 10 மி.மீ. ஏற வேண்டும். ஆறு துண்டு, ஒவ்வொன்றும் 1025 மி.மீ. அகலம். கடைக்காரரிடம் விட்டால் ஐந்து முழுத் துண்டும் கடைசியில் ஒரு குச்சியும் வரும். நீங்களே பிரித்து, எந்தச் சேர்ப்பும் எழுத்தின் நடுவே விழாதபடி வாசகத்தை நகர்த்துங்கள். எல்லாத் துண்டும் ஒரே ரோலில், ஒரே நாளில், ஒரே மெஷினில் அச்சாக வேண்டும். இரண்டு துண்டை மறுநாள் அடித்தால் நீலம் இரண்டு நீலமாகும். எக்கோ சால்வென்ட் (கரைப்பான் கலந்த) மையென்றால் அச்சடித்து 24 மணி நேரமாவது விரித்துக் காய வைத்த பின்தான் லேமினேஷன். அவசரப்பட்டால் மையின் கரைப்பான் உள்ளே சிக்கிப் பசையை இளக்கிவிடும், ஓரம் சுருளும்.

தமிழ் எழுத்து உடைவது இந்தக் கட்டத்தில்தான். டிசைனர் யூனிகோடில் தட்டுகிறார், கடையில் யூனிகோடு அல்லாத பழைய பாமினி அல்லது வானவில் எழுத்துரு இருக்கிறது; திறந்தவுடன் எல்லாம் கட்டமாகும். டிசைன் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காமல் ஒட்டினால் ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். தீர்வு, எழுத்தெல்லாவற்றையும் கர்வாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி அனுப்புவது. ஆனால் கர்வான பிறகு யாரும் திருத்த முடியாது. ஆகவே மாற்றும் முன் எக்செல் பட்டியலோடு ஒப்பிட்டு ஒருமுறை, மாற்றிய பின் பிரின்ட் எடுத்து இன்னொருமுறை தமிழ்த்துறையில் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். ஒற்று விடுபடுவதையும் ‘ன’, ‘ண’ மாறுவதையும் டிசைனர் கண் பிடிக்காது.

எல்லாவற்றையும் அடிக்கும் முன் ஒரே ஒரு பலகையை முழு அளவில் மலிவான ஃபிளெக்ஸில் அடித்து, அதே இடத்தில் கயிற்றால் கட்டி, காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும் பாருங்கள்.

படி 9: பொருத்துவது

தலைக்கு மேல் தொங்குவதற்குக் கீழே 2.4 மீட்டர் வெற்றிடம் விடுங்கள். தனித்து நிற்கும் எட்டடிக்கு நாலடிப் பலகையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சென்னைக்கு இந்தியத் தரக்குறியீடு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். காற்றழுத்தம் 0.6 × 50 × 50, அதாவது சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன். மூன்று சதுர மீட்டர் பலகையில் சுமார் 450 கிலோ எடை பக்கவாட்டில் தள்ளுவதற்குச் சமம். கம்பத்தின் தடிமனையும் அஸ்திவாரத்தையும் சிவில் துறையில் கணக்குப் போட்டு வாங்குங்கள். வெல்டரின் அனுபவம் மட்டும் போதாது.

ஏ.சி.பி. வெயிலில் நீளும்: 100 டிகிரிக்கு மீட்டருக்கு 2.4 மி.மீ. அடர்நிறப் பலகை இரவுக்கும் நண்பகலுக்கும் இடையே 50 டிகிரி சூடேறினால் எட்டடியில் 3 மி.மீ. வளரும். ஒரு திருகை மட்டும் இறுக்கி, மற்றவற்றுக்குத் துளையைப் பெரிதாகப் போடுங்கள். எல்லாவற்றையும் இறுக்கினால் பலகை நடுவில் உப்பும்.

சுவர் வினைலை அதிகாலையில் ஒட்டுங்கள். சூடான சுவரில் பசை தொட்டதும் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. தரையை நம்பாமல் டியூப் லெவல் அல்லது லேசரால் கோடு இழுங்கள். வராந்தாத் தரை தண்ணீர் ஓடச் சரிவாகத்தான் இருக்கும். முதல் துண்டின் மேல் ஓரத்தை மாஸ்கிங் டேப்பால் நிறுத்தி, பின்தாளை ஒரு சாண் உரித்து, துணி சுற்றிய ஸ்க்வீஜியால் (தேய்த்து ஒட்டும் பட்டை) நடுவிலிருந்து வெளிப்பக்கம் தேய்த்து இறங்குங்கள். சோப்புத் தண்ணீர் கண்ணாடிக்கு மட்டும், சுவருக்கு ஆகாது. கடைசியில் ஓரங்களை ஹீட் கன்னால் சூடாக்கி அழுத்துங்கள்.

படி 10: தெரியாதவரை நடக்க விடுங்கள்

வளாகத்தையே பார்த்திராத ஐந்தாறு பேர். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு: ‘3214’, ‘தேர்வு அலுவலகம்’, ‘பெண்கள் கழிப்பறை’. பத்தடி பின்னால் பேசாமல் நடங்கள். எங்கே நின்றார், எங்கே திரும்பிப் பார்த்தார், எங்கே யாரிடமோ கேட்டார் என்று மட்டும் குறியுங்கள். இருவர் ஒரே இடத்தில் தடுமாறினால் அங்கே பலகை தவறு. இதற்காகவே மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைக் கடைசி வரை தொடாமல் வைத்திருங்கள்.

பலகையின் பின்பக்கம் அதன் எண்ணை அழியாத மையில் எழுதுங்கள். ஃபைல்கள், எழுத்துருக்கள், எக்செல் பட்டியல் மூன்றும் கல்லூரி அலுவலகத்தில் ஒரு நகல் இருக்க வேண்டும், கடைக்காரர் கணினியில் மட்டும் அல்ல. துடைக்கச் சோப்புத் தண்ணீர், தின்னர் கூடாது. புதுப் பலகை ஏறும் அன்றைக்கே பழையதைக் கழற்றச் சொல்லி ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் நூலகம் இடம் மாறி ஐந்து வருடம் ஆன பிறகும், வேப்பமரத்தில் ஆணியடித்த பழைய தகரம் அதே பழைய பக்கத்துக்கு அம்பு காட்டிக்கொண்டிருக்கும்.